பச்சை வந்துச்சா, கண்ணு?

பைய மேல வெக்கச் சொல்லாதீங்க சார். கீழயும் வேண்டாமுங்க. வண்டி திரும்பறப்ப உருளும், யாரு காலுலயாவது வுழுந்தா அதுக்கும் நாந்தான் பொறுப்பும்பாங்க. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிச்சுதுன்னாச் சொல்லுங்க, சித்த நவுந்துக்கறேன்.

கோயமுத்தூருங்க. ஆசுபத்திரிக்கு. சொந்தக்காரரெல்லாம் இல்ல, எங்க மில்லுல வேலை செய்யறவரு. நீங்க? கருமத்தம்பட்டியா. இப்பத்தான் பெருந்துறை தாண்டுது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. யாருகிட்டயாவது சொல்லணும் சார். எட்டு நாளா யாருகிட்டயும் சொல்லல. நீங்க என்னைத் தெரியாத ஆளு, எறங்குனா மறந்துருவீங்க. அதனால சொல்றேன்.

ஒரே ஒரு வரி சார். நான் செஞ்சது அவ்வளவுதான். நாலாயிரம் வரி எழுதுனேன், அதுல ஒரு வரி.

நான் நல்லசிவம். பள்ளிபாளையம் பக்கம் ஒரு சைசிங் மில்லுல கம்ப்யூட்டர் பாக்கறேன். சைசிங்னா தறிக்குப் போற நூலுக்குக் கஞ்சி போடற எடமுங்க. கஞ்சி காய்ச்ச ஒரு குக்கரு இருக்குது. ஊட்டுல விசிலடிக்கறதாட்டம் இல்ல, உள்ள ரெண்டு ஆளு நின்னு கைய வீசலாம், அத்தாப்பெருசு. பாய்லர்ல இருந்து குழாய் வழியா நீராவி நேரா அதுக்குள்ள வரும். வாரத்துக்கு ஒருக்கா, சனிக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு ஆளு உள்ள எறங்கி அடியில காஞ்சு புடிச்ச கஞ்சியச் சொரண்டணும். அந்த ஆளுதான் சின்னமணி அண்ணன். இருவது வருசமா அவருதான்.

பாய்லர் ரூமு மில்லோட அந்தக் கோடியில இருக்குது. குக்கரு இந்தக் கோடியில. நடுவுல ரெண்டு சொவரு, மெசினு சத்தம். இங்க கத்துனா அங்க கேக்காது. அதனால சின்னமணி அண்ணன் ஒரு வேலை செய்வாரு. எறங்கறதுக்கு முன்னால பாய்லர் ரூமுக்கே நடந்து போவாரு. நீராவி வால்வ அவரு கையாலயே மூடுவாரு. மூடிட்டு, அந்த வால்வத் திருப்பற சக்கரம் இருக்குதுல்ல, இரும்புச் சக்கரம், சாப்பாட்டுத் தட்டு அகலம், அதோட நட்டக் கழட்டி, சக்கரத்தையே தூக்கிட்டு வந்துருவாரு. துண்டுல கோத்துக் கழுத்துல தொங்கவுட்டுட்டு அதோடயே குக்கருக்குள்ள எறங்குவாரு. சக்கரம் அவரு கழுத்துல இருக்கறப்ப அங்க எவன் வந்து வால்வத் தொறக்க முடியும்? வேலை முடிச்சு மேல வந்து, திரும்ப நடந்து போயி மாட்டுவாரு. பாய்லர் பாக்கற பாக்கியநாதன் அண்ணன் கேலி பண்ணுவாரு, "மாப்பிள்ளை மாலையோட வந்துட்டாரு"ன்னு.

நல்லாத்தான இருந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொதலாளிக்கு அது புடிக்கல. போக வர அரை மணி நேரம் போகுது, அதுவரைக்கும் அடுத்த கஞ்சி நிக்குது, வெளியூரு பார்ட்டி வந்து பாத்தாச் சிரிக்கறான்னு சொல்லிட்டே இருப்பாரு. ஒரு நாள் என்னையக் கூப்புட்டு, "நல்லசிவம், நீயி கம்ப்யூட்டருல எதாச்சும் பண்ணேன்"ன்னாரு.

சார், பதிமூணு வருசம் நூல் வரவும், பீம்னு நூல் சுத்தற உருளையோட கணக்கும் அடிச்சுட்டு இருந்தவன் நான். டிப்ளமோ படிச்சுட்டு, புஸ்தகம் வாங்கி, தானாவே புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டவன். மொத மொதல்ல ஒருத்தரு வந்து என்னைய ஒண்ணு செய்யுன்னு கேட்டாரு. அது எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல சார். அன்னைக்குச் சோறே எறங்கல.

செஞ்சேன். குக்கரு பக்கத்துல என்ற ரூமுல ஒரு கம்ப்யூட்டர், பாய்லர் ரூமுல ஒண்ணு. நடுவுல கேபிளு. என்ற ஸ்கிரீன்ல ஒரு செவப்பு வட்டம், கீழ ஒரு பட்டன், "ஆள் உள்ளே"ன்னு. அத அமுத்துனா அங்க மணி அடிக்கும். பாக்கியண்ணன் போயி வால்வ மூடிட்டு வந்து, அவரு ஸ்கிரீன்ல "மூடியாச்சு"ன்னு அமுத்துவாரு. அது திரும்பி எங்கிட்ட வரும். வந்ததும் செவப்பு வட்டம் பச்சையாகும். பச்சையானா எறங்கலாம். எவ்வளவு சுத்தம் பாருங்க. போறதும் வர்றதும் ரெண்டும் இருக்குது. அவசரத்துக்குன்னு ஸ்கிரீனுக்கு அடியில பாய்லர் ரூமு செல் நம்பரக் கூட பெரிய எழுத்துல போட்டேன். நாந்தான் போட்டேன். யாரும் சொல்லிப் போடல.

ஒரே ஒரு தொல்லை. பட்டன அமுத்திட்டா, பதில் வர்ற வரைக்கும் புரோகிராமு அந்த வரியிலயே நிக்கும். அவரு வால்வ மூடிட்டு வர நாலு நிமிசம் ஆகும். அந்த நாலு நிமிசமும் ஜன்னலு வெள்ளையாப் போயிரும். எதையும் அமுத்த முடியாது, மௌஸ் சுத்திட்டே இருக்கும். செத்த மாடாட்டம் கெடக்கும். அதே கம்ப்யூட்டர்லதான் பீம் கணக்கும் அடிக்கணும். மொதலாளி ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வந்து, பெருமையா, "பாருங்க, எங்க மில்லு எப்படி மாறிருச்சு"ன்னு பட்டன அவரே அமுத்துனாரு. வெள்ளையாப் போச்சு. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். பார்ட்டி சிரிச்சுட்டுப் போயிட்டான். அவன் போனதுக்கப்பறம் மொதலாளி, "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை, பீம் எண்ணிட்டு இருக்க வேண்டியதுதான"ன்னாரு. எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க.

அத எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியும் சார். தெரியாதுன்னு நெனைக்காதீங்க. பதிலக் கேக்கறதுக்குன்னே புரோகிராமுக்குள்ள தனியா ஒரு ஆளு வெக்கணும். ஆளுன்னா மனுசன் இல்ல, அது ஒரு ஏற்பாடு. அது ஒரு ஓரமா காது குடுத்துட்டு ஒக்காந்திருக்கும், ஸ்கிரீனு அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனா அந்த ஆளு ஸ்கிரீனத் தொடக் கூடாது. தொட்டா மொத்தமும் வுழுந்துரும். பதில் வந்துருச்சுன்னு முறையா எங்கிட்ட வந்து சொல்லணும், நாந்தான் பச்சையாக்கணும். மூணு நாள் முட்டிப் பாத்தேன். வுழுந்துட்டே இருந்துச்சு. மொதலாளி நாலு தடவ எட்டிப் பாத்துட்டாரு. "ஆச்சா? ஆச்சா?"

நாலாம் நாளு, பதிலுக்குக் காத்துட்டு இருக்கற வரிக்கு முன்னால ஒரு சின்னக் கோடு போட்டேன். அந்தக் கோடு போட்டா மெசினு அந்த வரியப் படிக்காது, தாண்டிப் போயிரும். அனுப்புனதும் நேராப் பச்சையாயிரும். ஒரு வாரத்துக்குத்தான் சார். பொறகு ஒழுங்காச் செஞ்சுக்கலாம்னுதான். பளிச்சுனு பச்சை வந்துச்சு. மொதலாளி என்ற தோள்ல தட்டுனாரு. "இப்பத்தான்யா மில்லு மாதிரி இருக்குது"ன்னாரு.

அது பொய் இல்ல சார். அனுப்பிட்டேன்னுதான சொல்லுது. அனுப்பத்தான செஞ்சுது.

ஆயுதபூஜைக்கு சின்னமணி அண்ணன் அந்தச் சக்கரத்தக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, மெசினுங்க வரிசையில வெச்சிருந்தாரு. பூசை முடிஞ்சதும் மொதலாளி எல்லாரு முன்னாலயும் எனக்குத் துண்டு போத்துனாரு. நான் சந்தோசத்துல போயி அந்தச் சக்கரத்தத் தூக்கிட்டு, "அண்ணா, இனிமே இது எதுக்கு? பச்சை வந்தா எறங்குங்க, அவ்வளவுதான்"னேன். அவரும் வந்து ஒரு பக்கம் புடிச்சாரு. கொஞ்ச நேரம் வுடல. நான் இழுத்தேன், வெளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம், "கண்ணு சொன்னாச் சரியா இருக்கும், படிச்ச புள்ள"ன்னு வுட்டுட்டாரு. மக்கா நாளே வால்வுல வேற சக்கரம் போட்டு, கழட்ட முடியாம வெல்டிங் வெச்சுட்டாங்க. பழசு என்ற மேசையில இருந்துச்சு. காயிதம் பறக்காம வெக்கறதுக்கு.

அஞ்சு மாசம் சார். ஒரு குறை இல்ல. பட்டன அமுத்துவேன், பச்சை வரும், அங்க மணி அடிக்கும், பாக்கியண்ணன் மூடுவாரு. மறந்தே போயிட்டேன், அந்தக் கோட்டப் போட்டதையே.

போன சனிக்கெழமை சின்னமணி அண்ணன் ஜன்னல் வழியா எட்டி, எப்பவும் கேக்கற மாதிரி, "பச்சை வந்துச்சா, கண்ணு?"ன்னாரு. பீம் கணக்கு அடிச்சுட்டே பட்டன அமுத்துனேன். பச்சை. "வந்துருச்சுண்ணா, போங்க"ன்னேன். பாய்லர் ரூமுல எவனோ செல்லுக்குச் சார்ஜு போட, நம்ம கேபிளு போற பொட்டியோட பிளக்கப் புடுங்கியிருக்கான். மணி அடிக்கல. பாக்கியண்ணனுக்கு என்ன தெரியும்? மணி அடிக்கலைன்னா இந்த வாரம் சொரண்டலைன்னுதான நெனைப்பாரு? நாலே காலுக்கு அடுத்த கஞ்சிக்கு நீராவி வுடறது வழக்கம், வுட்டாரு.

சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். எந்திரிச்சு ஸ்கிரீனப் பாத்தேன். பச்சை எரியுது. பச்சை எரியுதே, அப்பறம் எப்படி அங்கருந்து சத்தம் வரும்? வேற எங்கயோன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. யாரோ போயிச் சொல்லி, பாக்கியண்ணன் வால்வ மூடிட்டு அந்தக் கோடியில இருந்து ஓடி வந்தப்ப, நான் மானிட்டரத் தட்டிட்டு இருந்தேனாம். அவருதான் சொல்றாரு. எனக்கு ஞாபகம் இல்ல.

காலு ரெண்டும், முதுகு, கை. கைக்குத்தான் ரொம்ப மோசம். ஏணியப் புடிச்சிருக்காரு, ஏணியும் கொதிச்சிருச்சு. நானும் சேந்துதான் வண்டியில தூக்கி வெச்சேன். அதனால அவரு சம்சாரம், தங்காயி அக்கா, என்ற கையப் புடிச்சுட்டு, "நீதான் சாமி எம்புருசனத் தூக்கிட்டு வந்தியாமா, நீ நல்லா இருக்கணும்"ன்னு அழுவறாங்க. தலைய ஆட்டுனேன்.

திங்கக்கெழமை பேக்டரி இன்ஸ்பெக்டரு வர்றாராம். மொதலாளி நேத்து என்னையக் கூப்புட்டு ஒரு காயிதம் அடிக்கச் சொன்னாரு. எங்க மில்லுல தமிழ்ல டைப் அடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தானுங்க. "பச்சை விளக்கு வருமுன்பே, விதிப்படி சக்கரத்தை எடுத்துச் செல்லாமல், தானாக இறங்கினார்." இதுதான். தப்பில்லாம அடிச்சேன். அண்ணன் கை கட்டுல இருக்குது, அக்கா கையெழுத்துப் போட்டாப் போதும், ஆசுபத்திரிச் செலவு மில்லு பாத்துக்கும்னாரு. புரோகிராமுல எதாச்சும் சரி பண்ணட்டுமான்னு மட்டும் கேட்டேன். இப்ப எதையும் தொடாதே, தொட்டா மாட்டிக்குவ, இருக்கறபடியே இருக்கட்டும்னாரு. அதுவும் சரிதானுங்களே? பழைய சக்கரத்தக் கொண்டு போயி பாய்லர் ரூமு ஆணியில மாட்டச் சொன்னாரு. எப்பவும் அங்கயே இருந்த மாதிரி.

ஆமாங்க. பையில இருக்கறது அதுதான். மாட்டல. எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு தெரியல சார், கேக்காதீங்க. காயிதமும் அதுக்கு அடியிலதான் இருக்குது.

மில்லு ரெண்டு நாளுதான் நின்னுச்சு. சின்னமணி அண்ணன் எடத்துக்கு ஒடிசாக்காரரு ஒருத்தரப் போட்டாச்சு, பிரதீப்புன்னு பேரு. ரெண்டு கொழந்தைக்கு அப்பன், பாவம். தமிழு தெரியாது. மத்தியானம் கெளம்பறதுக்கு முன்னால அவரையும் நாந்தான் பழக்கி வுட்டுட்டு வந்தேன். இன்னைக்கு நான் இருக்க மாட்டேனே, பட்டன அவரே அமுத்திக்கட்டும்னு, ஸ்கிரீனக் காட்டி, பச்சை வந்தா எறங்குன்னு கையில காட்டுனேன். டக்குனு புடிச்சுக்கிட்டாரு. எல்லா வேலையும் நாந்தான் பாக்கணும் சார் அங்க. ஆனா ஒண்ணு கெட்டுப் போனா யாரு கெடுத்தது? நல்லசிவம்.

பிளக்கப் புடுங்குனவன் யாரு? அவன யாரும் கேக்கல. அவசரப்படுத்துனது யாரு? அவரையும் யாரும் கேக்க மாட்டாங்க. பாக்கியண்ணன் ஒரு வார்த்த எட்டிப் பாத்திருக்கலாம். சின்னமணி அண்ணந்தான் ஆகட்டும், அந்தச் சக்கரத்த எங்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போயிருக்கலாம். புடுங்கலையே! நான் சொன்னா அப்படியே நம்பறதா?

இல்ல, அழுவல. தூசி.

செவ்வாக்கெழமை தங்காயி அக்கா போன் பண்ணுனாங்க. அண்ணன் முழிச்சுட்டாராம். முழிச்சதுல இருந்து ஒரே கேள்வியாம். "பச்சை வந்துச்சான்னு தம்பிகிட்டக் கேட்டுச் சொல்லு. பச்சை வராமயே நான் எறங்கிட்டனோ? கண்ணு மங்கிப் போச்சோ? பாக்கியநாதன் பேரு கெட்டுப் போச்சே என்னால"ன்னு பொலம்பறாராம். டாக்டரு, இன்னும் பத்து நாள் தாண்டுனாத்தான் சொல்ல முடியும்கறாரு. இந்த மனுசன் படுத்துட்டு இதக் கேக்கறாரு. "நீங்களே சொல்லுங்க சாமி, பச்சை வந்துச்சா?"ன்னாங்க. நான் வெச்சுட்டேன். அப்பறம் திருப்பித் திருப்பி அடிக்கறாங்க. அந்த நம்பரு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு சார். நாலு நாளா என்ற போன அணைச்சே வெச்சிருக்கேன்.

இது எந்த ஊரு? அவினாசியா? அதுக்குள்ளயா?

சார், என்னால அங்க போக முடியாது. போயி நின்னு, அந்த அம்மா மூஞ்சியப் பாத்து, இந்தக் காயிதத்த நீட்டறதா? நீட்டாம உண்மையச் சொல்லறதா? ரெண்டும் முடியாது. கருமத்தம்பட்டியில உங்களோட எறங்கி எதுத்தாப்புல வர்ற வண்டியப் புடிச்சுர்றேன். உங்க போனச் சித்தக் குடுங்களேன். என்றதப் போட்டா மொதலாளி வந்துருவாரு. ஒரே நிமிசம். சொல்லிர்றேன். சொல்லிட்டாப் போதும்ல? போயிச் சேந்துரும்ல?

"அக்கா, நல்லசிவமுங்க. பேசாதீங்க, நான் சொல்லிர்றேன். அண்ணங்கிட்டச் சொல்லுங்க, பச்சை வந்துச்சு. அவரு கண்ணு மங்கல. அவரு மேல தப்பில்ல, பாக்கியண்ணன் மேலயும் இல்ல. அந்தப் பச்சைதான் பொய்யி. நாந்தான் அப்படி எழுதுனேன். அங்கருந்து பதில் வராமயே பச்சையாகற மாதிரி நாந்தான் செஞ்சேன். அவ்வளவுதான் அக்கா."

இந்தாங்க போனு. சொல்லிட்டேன். அப்பாடா.

என்ன சொன்னாங்களா? தெரியலைங்க. அவங்க வாயெடுக்கறதுக்குள்ள வெச்சுட்டேன். எதுக்குங்க அவங்க சொல்றது? நான் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு...

உங்க போனுதானுங்க அடிக்குது. யாரு? காட்டுங்க. அவங்கதான். எடுக்காதீங்க சார். திட்டுவாங்க. திட்டட்டும், நியாயந்தான், ஆனா என்னால... நீங்க எடுத்து ராங் நம்பருன்னு சொல்லிருங்களேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? இன்னும் அடிக்குது.

குடுங்க.

"சொல்லுங்க அக்கா... ம்... அண்ணனா? அவரே பேசறாரா?... அண்ணா. கேக்குதுங்ணா. வண்டிச் சத்தம், மெதுவாச் சொல்லுங்க... ஆமாங்ணா, பச்சை வந்துச்சு... ஆமா, நாந்தான்... என்னங்ணா? என்ன கேக்கறீங்க?"

சார், மணி என்ன? உங்க வாட்சுல மணி என்னங்க?

அவரு எதுவுமே திட்டல சார். அவரு அத வுட்டுட்டாரு. இன்னைக்குச் சனிக்கெழமையாச்சே, குக்கருக்குள்ள யாரு கண்ணு எறங்கறாங்கன்னு கேக்கறாரு.

மூணு அம்பத்தாறா? பிரதீப்பு. நாந்தான் சார் காட்டிட்டு வந்தேன். பச்சை வந்தா எறங்குன்னு, என்ற கையால. அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்குது. எட்டு நாளா அப்படியே இருக்குது. நான் எடுக்கல. "அண்ணா, வெச்சுருங்க, நான் பாக்கறேன், வெச்சுருங்க!"

இருங்க, போன் வேணும், தரமாட்டேன். பாய்லர் ரூமு நம்பரு, ஸ்கிரீனுக்கு அடியில நானே போட்ட நம்பரு... ஒம்பது எட்டு நாலு... ரிங்கு போகுது. எடுங்க. எடுங்கண்ணா. எடுங்க, எடுங்க.

"பாக்கியண்ணா! நல்லசிவம். மணி அடிச்சுச்சா அங்க? ... அடிக்கலையா? வால்வு தொறந்திருக்குதா மூடியிருக்குதா? ... போயித்தான் பாக்கணுமா? தொறந்துறாதீங்க! பிரதீப்பு எறங்கிட்டு இருப்பாரு. மூடுங்க. ... இல்லண்ணா, சரிங்கறது வேண்டாம். மூடறேன்கறதும் வேண்டாம். போனக் கையிலயே வெச்சுக்கங்க. போயி மூடுங்க. மூடிட்டு அப்பறம் குக்கரு பக்கம் ஓடி, அவரக் கண்ணால பாருங்க. பாத்துட்டு வந்து உங்க வாயால சொல்லுங்க. நான் வெக்க மாட்டேன்."

தெரியுதுங்க சார், கருமத்தம்பட்டி வந்துருச்சு. கண்டக்டருகிட்ட நான் சொல்றேன், ஒரு நிமிசம் நிக்கட்டும். எறங்காதீங்க. கையெடுத்துக் கும்புடறேன், பையப் புடிங்க, கனமா இருக்கும், பாத்து. போன மட்டும் கேக்காதீங்க.

நடக்கற சத்தம் கேக்குது. இன்னும் அவரு ஒண்ணும் சொல்லல. யாரும் பேசாதீங்க.